தனுஷ்கோடிப் பக்கம் ஓடிய ஜீப்புக்கு டிஃபரன்ஷியல் வேலை

மண்டபத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மீன் ஏற்றப் போகும் எங்கள் பழைய ஜீப்பில், ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம், காலை எடுத்தால் அடங்கிவிடும். பின் ஆக்சிலின் நடுவில், எஞ்சின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில், எண்ணெய் வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றினேன். மோர் மாதிரி எண்ணெய் வந்தது. உப்புத்தண்ணீர் புகுந்திருக்கிறது!

ஓடிச் சூடான ஆக்சில் கடல்தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, பிரீத்தர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. பினியன் (சின்னப் பல்சக்கரம்) பேரிங்கெல்லாம் துரு, அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல் பல்லில் குழிகள். கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி சத்தம்தான்.

சிரமமே ஷிம், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு, வைப்பதில். பல்லில் நீலப் பசை தடவிச் சுற்றிப் பார்த்தேன், பசைத் தடம் பல்லின் நுனியில் மட்டும் விழுந்தது, அதாவது பினியன் கிரவுனிலிருந்து தள்ளி நிற்கிறது, அப்புறம் தடித்த ஷிம் போட்டு, திரும்பக் கழற்றி, திரும்ப மாட்டி, தடம் நடுவுக்கு வரும்வரை பொறுமையாகச் செய்தேன். பேக்லாஷை, அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள ஆட்டத்தை, டயல் கேஜ் என்ற அளவுமானி வைத்து 0.15 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். கண்மதிப்பில் இதைச் செய்யவே கூடாது.

பிரீத்தரில் ரப்பர் குழாய் மாட்டி, பாடிக்குள் உயரமாகக் கட்டிவிட்டேன். எண்ணெய் 80டபிள்யூ90 (கெட்டித்தன்மை), ஜிஎல்-5 (கியர் எண்ணெயின் தரம்). புதுப் பல் தேய்ந்து பொடி விடும், அதனால் 500 கிலோமீட்டர் ஓடியதும் அந்த எண்ணெயையும் மாற்றிவிடுங்கள்.