கண்ணில் இறுகும் பொலாக்சமர் ஜெல் தயாரிப்பது எப்படி

பாட்டிலிலிருந்து சொட்டாக விழுந்து, சுமார் 34 டிகிரி செல்சியஸ் உள்ள கண்பரப்பில் இறுகுவதுதான் நமக்குத் தேவையான ஜெல். பொலாக்சமர் 407 என்பது குளிர்ந்த நீரில் கரைந்து, சூடேறினால் ஜெல்லாகும் ஒரு பாலிமர். அதன் 18 சதவீதக் கரைசல் சோதனைக் குழாயில் நன்றாகவே இறுகும். ஆனால் 40 பங்குக்கு 7 பங்கு கண்ணீர் கலந்தாலே செறிவு ஏறத்தாழ 15 சதவீதமாகிவிடும். அப்புறம் இறுகாமல் வழிந்துவிடும். செறிவை 21 சதவீதமாகக் கூட்டினால் அறை வெப்பத்திலேயே கெட்டியாகிறது. அதே குடும்பப் பாலிமரான பொலாக்சமர் 188-ஐச் சேர்ப்பது இதற்காகத்தான்: அது இறுகும் வெப்பநிலையை மேலே தள்ளும்.

100 கிராமுக்கு பொலாக்சமர் 407 21 கிராம், பொலாக்சமர் 188 5 கிராம், கண் அழுத்தத்தைக் குறைக்கும் டிமோலால் மருந்தின் உப்பான டிமோலால் மேலியேட் 0.68 கிராம் எடுங்கள். இந்த 0.68 கிராமில் டிமோலால் 0.5 கிராம்தான். 65 கிராம் நீரில் மருந்தைக் கரைத்து, பீக்கரை ஐஸ் தொட்டியில் வையுங்கள். நீர் 4 முதல் 8 டிகிரிக்கு வந்ததும் இரண்டு பொலாக்சமர்களையும் சிறிது சிறிதாகத் தூவி, மெதுவாகக் கலக்குங்கள். வேகம் கூடினால் நுரை எழும், எளிதில் அடங்காது. சீக்கிரம் கரையட்டும் என்று சூடாக்கவே கூடாது: துகள்களின் மேற்புறம் ஜெல்லாகி, உள்ளே நீர் புகாத கட்டிகள் நிற்கும். இரவு முழுவதும் 4 டிகிரியில் வைத்தால் கரைசல் தெளியும். பிறகு குளிர்ந்த நீரால் 100 கிராமாக்குங்கள்.

இனி அளவீடு. 2 மில்லி கரைசலைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, நீர்த் தொட்டியில் 20 டிகிரியிலிருந்து ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் 5 நிமிடம் காத்திருந்து குப்பியைக் கவிழுங்கள். 30 விநாடி வழியாமல் நின்றால் அதுவே இறுகும் வெப்பநிலை. செயற்கைக் கண்ணீரை 40:7 விகிதத்தில் கலந்து இதையே மறுபடி செய்யுங்கள். முதல் அளவு 25-க்கு மேலும் இரண்டாவது 34-க்குக் கீழும் வர வேண்டும். முதலாவது குறைவாக இருந்தால் 188-ஐ 1 கிராம் வீதம் கூட்டுங்கள். உப்பும் பாஸ்பேட்டும் இறுகும் வெப்பநிலையைக் குறைக்கும் என்பதால், எதைச் சேர்த்தாலும் மீண்டும் அளக்க வேண்டும்.

மருந்து வெளியேறும் வேகத்தை டயாலிசிஸ் பையில் (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பை) அளக்காதீர்கள். இந்த ஜெல் மேலிருந்து கரைந்துதான் மருந்தை விடுகிறது. பை அந்தக் கரைவைத் தடுத்து, நீடித்து வெளியேறுவதுபோல் காட்டும். எடையிட்ட குப்பியில் 2 கிராம் ஜெல்லை 34 டிகிரியில் இறுகவிட்டு, அதே சூட்டிலுள்ள செயற்கைக் கண்ணீர் 2 மில்லியை மேலே ஊற்றி மெல்ல ஆட்டுங்கள். குறித்த நேரங்களில் திரவம் முழுவதையும் எடுத்துவிட்டு, குப்பியை எடையிட்டு, புதிதாக ஊற்றுங்கள். எடை இழப்புக்கு எதிராக வெளியேறிய மருந்தை வரைந்து, புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தால், வேகத்தைத் தீர்மானிப்பது ஜெல்லின் கரைவே.