ஆட்டோகேடில் ஸ்கேல் பிசகாமல் ஷீட் அமைப்பது எப்படி?

கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில், படத்தை வரையும் வெளியான மாடல் ஸ்பேஸில் எதையும் சுருக்கி வரையக் கூடாது. 230 மி.மீ. சுவரை 230 என்றே வரைய வேண்டும். 1:100 (நிஜத்தில் 100 மி.மீ., தாளில் 1 மி.மீ.), 1:50 என்ற கணக்கு, அச்சுத் தாளை அமைக்கும் லேஅவுட்டில், படத்தைக் காட்டத் திறக்கும் சன்னலான வியூபோர்ட்டுக்குள் மட்டும் வர வேண்டும். படத்தையே ஸ்கேல் கட்டளையால் சுருக்கிவிட்டால், பிறகு போடும் ஒவ்வொரு அளவும் பொய்யாகிவிடும்.

தாளையும் ஸ்கேலையும் வரையத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. 40க்கு 60 அடி மனையை, அதாவது சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டை, எடுத்துக்கொள்வோம். மில்லிமீட்டரில் அது 12,192 × 18,288. ஏ3 தாளோ 420 × 297. 1:50இல் மனை 244 × 366 மி.மீ. ஆகிறது, தாளுக்குள் அடங்கினாலும், அளவுக்கோடுகளுக்கும், படத்தின் பெயர், விவரம் எழுதும் கட்டமான டைட்டில் பிளாக்குக்கும் இரு திசையிலும் 53, 54 மி.மீ.தான் மிஞ்சும். ஆகவே பிளானை 1:100இல் வைத்து, பக்கத்தில் இன்னொரு வியூபோர்ட்டில் படிக்கட்டின் வெட்டுத்தோற்றத்தை 1:20இல் காட்டுவதே என் பரிந்துரை.

பேஜ் செட்டப்பில் பிரின்டரையும் ஏ3 தாளையும் தேர்ந்தெடுத்து, பிளாட் செய்யும் (அச்சிடும்) பகுதியாக லேஅவுட்டையும், அலகாக மில்லிமீட்டரையும், ஸ்கேலாக 1:1ஐயும் குறிக்க வேண்டும். லேஅவுட் என்பது உண்மை அளவிலான தாளே என்பதால் இங்கே 1:1 தவிர வேறு எதுவும் பொருந்தாது. பிறகு, அச்சில் விழாதபடி அமைத்த ஒரு லேயரில் வியூபோர்ட்டை வரைந்து, அதற்குள் இருமுறை கிளிக் செய்து, ஜூம் கட்டளையில் 1/100 என்பதோடு எக்ஸ், பி என்ற இரு எழுத்துகளையும் ஒட்டி (1/100xp) தட்டச்சு செய்தால், பிளான் சரியாக 1:100க்கு வந்து நிற்கும்.

நம்மூரில் பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மேலே சொன்ன கணக்கு, படத்தை மில்லிமீட்டரில் வரைந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அடி, அங்குலத்தில் வரைந்த படத்தில் ஓர் அலகு ஓர் அங்குலம். 40 அடி என்பது 480 அலகு. வியூபோர்ட்டின் ஸ்கேல் பட்டியலில் 1:100ஐத் தேர்ந்தெடுத்தால் அந்த 40 அடி தாளில் 4.8 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். ஜூம் கட்டளையில் 1/100க்குப் பதிலாக அவர்கள் 25.4ஐ 100ஆல் வகுத்து 0.254 என்றும், மீட்டரில் வரைந்தவர்கள் 10 என்றும் கொடுக்க வேண்டும்.

ஸ்கேல் அமைந்ததும் வியூபோர்ட்டைப் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால், உள்ளே இருக்கும்போது மவுஸ் சக்கரம் சற்றே உருண்டாலும் ஸ்கேல் மாறிவிடும். 1:100 என்பது 1:97 ஆனால் கண்ணுக்குத் தெரியாது.

தாளில் எழுத்து 2.5 மி.மீ. உயரம் இருக்க வேண்டுமென்றால், 1:100 படத்தில் அது 250, 1:20 படத்தில் 50. இதைக் கையால் கணக்கிடுவதைவிட, எழுத்தையும் அளவுக்கோட்டையும் அன்னோட்டேட்டிவாக அமைத்து, தேவையான ஸ்கேல்களை அவற்றோடு சேர்த்துவிட்டால், ஒவ்வொரு வியூபோர்ட்டிலும் அவையே உரிய உயரத்துக்கு மாறிக்கொள்ளும்.

பிடிஎஃப் ஆன பிறகும் கவனம் தேவை. ஒருமுறை நான் அனுப்பிய பிளானை, அச்சிட்டவர் தாளுக்குப் பொருத்தும் தேர்வில் எடுத்துவிட்டார். சைட்டில் அதன்மேல் அளவுகோலை வைத்துப் பார்த்த மேற்பார்வையாளருக்கு 3 மீட்டர் அறை 2.9 மீட்டராகத் தெரிந்தது. சுவர் எழும்பும் முன் பிடிபட்டதால் தப்பித்தோம். அன்றிலிருந்து ‘உண்மை அளவில் அச்சிடவும்’ என்று எழுதித் தருவதோடு, ஒவ்வொரு ஷீட்டிலும் 5 மீட்டர் ஸ்கேல் பட்டை ஒன்றையும் வரைந்துவிடுகிறேன். 1:100இல் அது 50 மி.மீ. இருக்கிறதா என்று ரூலரை வைத்துப் பார்த்தால் போதும். ‘1:100’ என்று மட்டும் எழுதாமல், ‘ஏ3 தாளில் 1:100’ என்றே எழுதுங்கள். ஏ1 ஷீட்டை ஏ3க்குச் சுருக்கி எடுத்தால் நீளம் பாதியாகி, 1:100 படம் 1:200 ஆகிவிடும்.