தில்லியில் இரண்டு நாள்: வரிசையில் கால் கடுக்க நிற்காமல் சுற்றிப் பார்ப்பது எப்படி?

என் பெரியப்பாவின் ஊர் செங்கோட்டை, தென்காசிக்கு அடுத்தது. தில்லிச் செங்கோட்டையையும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று எழுபது வயதில் பெரியம்மாவோடு ரயிலேறி வந்தார். டிசம்பர் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை, பகல் 11 மணி. டிக்கெட் வரிசையில் ஒரு மணி நேரம், அதன்பின் சோதனை வரிசையில் முக்கால் மணி நேரம். உள்ளே, மன்னர் மக்களைச் சந்தித்த திவான்-இ-ஆம் மண்டபத்தை எட்டியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் அவரால் ஓரடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. ஷாஜகான் ஒன்பதாண்டு காலம், 1639 முதல் 1648 வரை, கட்டிய கோட்டையை அவர் பாதிதான் பார்த்தார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஊரிலிருந்து யார் வந்தாலும் திட்டத்தை நானே போட்டுக் கொடுக்கிறேன். முதல் முறை வருகிறவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாம் 'வரிசை' என்று சொல்வது ஒரே வரிசை அல்ல. டிக்கெட் எடுக்க ஒன்று, உடல் சோதனைக்கு ஒன்று, பையைப் பரிசோதிக்கவோ ஒப்படைக்கவோ இன்னொன்று. ஆன்லைனில் டிக்கெட் எடுத்தால் முதலாவது மட்டும்தான் குறையும். மற்ற இரண்டையும் குறைப்பது நாம் போகும் கிழமையும் நேரமும் கையிலிருக்கும் பையும்தான்.

படி 1: கிழமையைப் பாருங்கள்

ரயில் டிக்கெட் எடுக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அக்ஷர்தாம் கோயில், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், தீன் மூர்த்தி வளாகத்திலுள்ள பிரதமர்கள் அருங்காட்சியகம் ஆகியவையும் அன்று மூடியிருக்கும். குதுப்மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் உண்டு. ஆகவே உங்கள் இரண்டு நாளில் ஒன்று திங்களாக இருந்தால் அன்றைக்கு இவ்விரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறுதான் கிடைக்கும் என்றால், சனிக்கிழமை காலையில் செங்கோட்டைக்குப் போய்விடுங்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். சுதந்திர தின ஏற்பாடுகளுக்காகச் செங்கோட்டையை முன்கூட்டியே மூடிவிடுவார்கள்.

ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள். நவம்பர் 19 உலகப் பாரம்பரிய வாரத்தின் முதல் நாள். தொல்லியல் துறை இந்த நாட்களில் இலவச அனுமதி அறிவிப்பது வழக்கம். இலவசம் என்று ஆசைப்பட்டு அன்றைக்குப் போகாதீர்கள். ஊரே திரண்டு வந்திருக்கும். 35 ரூபாயை மிச்சம் பிடித்துக் கொண்டு இரண்டு மணி நேரத்தைத் தொலைப்பது, இரண்டே நாள் தங்குகிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

படி 2: டிக்கெட்டை முந்தின இரவே எடுத்துவிடுங்கள்

இந்தியத் தொல்லியல் துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஊரையும் இடத்தையும் நாளையும் தேர்ந்தெடுத்து, பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கொடுத்துப் பணம் கட்டினால் டிக்கெட் வந்துவிடும். குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை போன்ற இடங்களில் இந்தியர்களுக்குக் கவுன்ட்டரில் ரொக்கமாகக் கொடுத்தால் 40 ரூபாய், ஆன்லைனில் 35 ரூபாய் என்று 2018இல் கட்டணம் நிர்ணயித்தார்கள். புறப்படும் முன் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக் கொள்ளுங்கள். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. வயதைக் காட்ட ஆதார் நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

இலங்கையிலிருந்து வரும் உறவினர்களுக்கும் இந்தியர் கட்டணம்தான், ஏனென்றால் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு. பாஸ்போர்ட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை உள்ளவர்கள் வெளிநாட்டினர் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

டிக்கெட் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, குடும்பத்தில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். வாயிலில் கூட்டம் நெருக்கும்போது இன்டர்நெட் சுற்றிக்கொண்டே நிற்கும். காலை வெயில் நேராகத் திரையில் அடித்தால் இயந்திரத்துக்குக் கியூஆர் கோடு தெரியாது. வரிசை நகரும்போதே திரையின் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டி, கட்டங்கள் தெளிவாகத் தெரியும்படி படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, இயந்திரத்தின் முன் உள்ளங்கையால் நிழல் கொடுத்துக் காட்டுங்கள். ஒரே முறையில் 'பீப்' என்று பச்சை விளக்கு எரியும்.

முன்பே எடுக்க முடியவில்லையா? கவுன்ட்டர் அருகில் கியூஆர் கோடு ஒட்டிய பலகை இருக்கும். அதை ஸ்கேன் செய்து அங்கேயே எடுக்கலாம். வெளியே நின்றுகொண்டு "கவுன்ட்டர் மூடிவிட்டார்கள், நான் நேராக உள்ளே அழைத்துப் போகிறேன்" என்று சொல்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

படி 3: கதவு திறக்கும்போது அங்கே இருங்கள்

இந்த விளக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

குதுப்மினாரும் ஹுமாயூன் கல்லறையும் சூரிய உதயத்துக்கே திறந்துவிடுகின்றன. மே மாதத்தில் அது ஐந்தரை மணியளவில், ஜனவரியில் ஏழேகாலுக்குப் பக்கத்தில். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் பத்து மணிக்கு மேல்தான் வரத் தொடங்கும். அதற்குள் நீங்கள் பார்த்துவிட்டு வெளியே வந்திருக்கலாம். ஜனவரியில் மட்டும் மூடுபனி கலைய ஒன்பது மணியானாலும் ஆகும் என்பதால் சற்றுத் தாமதமாகப் போவதில் தவறில்லை.

போன பிப்ரவரியில் பெரியப்பா மறுபடி வந்தபோது ஏழரை மணிக்கெல்லாம் அவரைக் குதுப்மினாருக்கு அழைத்துப் போனேன். வாசலில் எங்களுக்கு முன்னால் ஆறு பேர்தான். 72.5 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில் முதல் வெயில் பட்டு, கல்லின் சிவப்பு மெல்லக் கீழிறங்கி வந்தது. வளாகத்திலுள்ள இரும்புத் தூணைச் சுற்றியுள்ள வேலியருகே ஒருவர்கூட இல்லை. பெரியப்பா அங்கே கால் மணி நேரம் நின்றார். மேலே ஏறலாமா என்று பலரும் கேட்பார்கள். 1981இல் படிக்கட்டில் நெரிசல் ஏற்பட்டுப் பலர் இறந்ததிலிருந்து ஏற அனுமதி இல்லை. ஆகவே ஒன்றரை மணி நேரம் தாராளமாகப் போதும்.

படி 4: பையை வீட்டிலேயே வையுங்கள்

பை இல்லாதவர் சோதனையை விரைவாகக் கடந்துவிடலாம். பையோடு வந்தால் எக்ஸ்ரே இயந்திரத்தின் முன் காத்திருக்க வேண்டும். என் அத்தை ஒருவர் வெற்றிலைப் பெட்டி இல்லாமல் எங்கும் போகமாட்டார். சோதனையில் பாக்குவெட்டி அகப்பட்டது. காவலர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் அதை உள்ளே விடவில்லை. மாமா அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டார். கத்தி, லைட்டர், பெரிய சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலும் போனும் அடையாள அட்டையும் போதும்.

ஹஸ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறவர்கள் - திருக்குறள் எக்ஸ்பிரஸ் அங்கேதான் வந்து நிற்கும் - ஹுமாயூன் கல்லறை பக்கம்தானே என்று பெட்டியோடு போய்விட வேண்டாம். பெட்டியை ரயில் நிலையத்தின் பொருள் பாதுகாப்பறையில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

அக்ஷர்தாமில் போனுக்கும் பைக்கும் அனுமதி இல்லை. நீண்ட வரிசை அங்கே ஒப்படைக்கும் இடத்தில்தான். எல்லோருடைய பொருளையும் ஒரே பையில் போட்டு ஒருவரை அங்கே அனுப்புங்கள். கோயிலுக்குள் போகக் கட்டணம் இல்லை. கண்காட்சிக்கும் மாலை நீர்க்காட்சிக்கும்தான் டிக்கெட். மாலையில் கூட்டம் அதிகம் என்பதால் முதியவர்களோடு போகிறவர்கள் காலையில் திறந்தவுடன் போவது நல்லது.

படி 5: மெட்ரோவிலும் வரிசை உண்டு

டிக்கெட் கவுன்ட்டரில் நிற்க வேண்டாம். மெட்ரோ செயலியிலோ வாட்ஸ்அப்பிலோ கியூஆர் டிக்கெட் எடுக்கலாம். நாள் முழுக்கச் சுற்றுவதற்குச் சுற்றுலா அட்டையும் கிடைக்கிறது. செங்கோட்டைக்கு மிக அருகில் இருப்பது வயலட் தடத்தின் லால் கிலா நிலையம். பழைய பழக்கத்தில் சாந்தினி சௌக்கில் இறங்கினால் கூட்டத்துக்கு நடுவே நடக்க வேண்டும். குதுப்மினார் நிலையத்தில் இறங்கினால் வாசலே வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும்.

படி 6: கூட்டத்தைப் பார்த்தால் இடத்தை மாற்றுங்கள்

ஹுமாயூன் கல்லறை வாசலில் பேருந்துகள் வரிசையாக நின்றால், சஃப்தர்ஜங் கல்லறைக்கு வண்டியைத் திருப்பச் சொல்லுங்கள். அங்கே கூட்டம் குறைவு, கட்டணமும் குறைவு. பக்கத்திலேயே லோதி தோட்டம். அங்கே டிக்கெட்டே கிடையாது. தோட்டத்துக்குள் சையித், லோதி மரபுச் சுல்தான்களின் கல்லறைகளும் நிழல் தரும் மரங்களும் உண்டு. நடக்க முடியாதவர்கள் புல்வெளியில் உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம்.

இரண்டாம் நாள் மாலையை ராமகிருஷ்ணாபுரம் மலை மந்திருக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1973இல் கும்பாபிஷேகம் கண்ட சுவாமிநாத சுவாமி கோயில் அது. நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும், அதனால் மாலையில் போங்கள். செவ்வாய்க்கிழமையும் கிருத்திகையும் தவிர்த்தால் சந்நிதியில் நின்று நிதானமாகக் கும்பிடலாம். படியேற முடியாதவர்களை இருட்டும் முன்பே, அவசரமில்லாமல், கைப்பிடியைப் பிடித்து ஏற்றி அழைத்துப் போங்கள்.