பழைய தமிழ்ப் பதிப்பை ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் காட்டுவது எப்படி?

முதல் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்களுக்காக இது. தலைப்பு, கருதுகோள் எல்லாவற்றையும் நெறியாளரிடம் கேட்டுக்கொள்ளலாம். நூறு வருடத்துப் பழைய நூலுக்குத் துணைநூற்பட்டியலில் எந்த ஆண்டைப் போடுவது என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

படி 1: பதிப்பைத் தேடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், பிறகு இன்டர்நெட் ஆர்க்கைவ், அங்கும் இல்லையென்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஈழத்து நூல் என்றால் நேராக ‘நூலகம்’ (noolaham.org) என்னும் இணையதளத்துக்குப் போங்கள். இணையத்தில் வெறும் மூலபாடமாகக் கிடைக்கும் புறநானூறு சொல் தேட மிக வசதி. மேற்கோளுக்கு அதைத் தொடவே கூடாது. பாடவேறுபாடுகள் பதிப்பின் அடிக்குறிப்பில்தான் இருக்கும்.

படி 2: முகப்புப் பக்கம், அதன் பின்பக்கம், முகவுரையின் கடைசிப் பக்கம் மூன்றையும் படமெடுத்து வையுங்கள்.

படி 3: ஆண்டைக் கண்டுபிடியுங்கள். என்னை அதிகம் இழுத்தடித்தது இந்தப் படிதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

சில நூல்களில் ௲௮௱௯௰௪ என்று இருக்கும். ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ஆக, ஆயிரம், எட்டு நூறு, ஒன்பது பத்து, நான்கு: 1894.

சிலவற்றில் ‘ஜய வருஷம்’ என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டு வட்டத்தில் ஜய 28ஆவது. முதலாவதான பிரபவ 1867, 1927, 1987 ஏப்ரலில் பிறந்தது. 1867உடன் 27ஐக் கூட்டினால் 1894. ஆனால் அந்த ஜய 1895 ஏப்ரல் வரை ஓடும். முகவுரையில் மாசி, பங்குனி என்றிருந்தால் 1895தான். மார்கழி என்றால் தேதியையும் பாருங்கள், ஜனவரி அந்த மாதத்தின் நடுவில் பிறந்துவிடும். மாதமே இல்லையென்றால் 1894-95 என்று போடுங்கள், அதுதான் நேர்மை.

எந்த வட்டத்து ஜய? 1834, 1894, 1954 மூன்றுமே ஜயதான். பதிப்பாசிரியரின் வாழ்நாளைப் பாருங்கள். உ.வே.சா. 1855இல் பிறந்து 1942இல் மறைந்தவர். அவர் எழுதிய முகவுரையில் ஜய இருந்தால் 1894-95 மட்டுமே பொருந்தும். ‘1867ஆம் வருஷத்து 25ஆவது சட்டப்படி’ என்று பதிவுக் குறிப்பு இருந்தாலும் 1834 அடிபட்டுவிடும்.

முதற்பதிப்பின் முகவுரையை மறுபதிப்பிலும் அப்படியே அச்சிடுவார்கள் என்பதையும் மறக்காதீர்கள். முகவுரை ஆண்டு உங்கள் கையிலிருக்கும் நூலின் ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. பக்க எண் எந்தப் பதிப்பினுடையதோ அந்தப் பதிப்பின் ஆண்டைத்தான் தர வேண்டும். 1894 என்று போட்டுவிட்டு மறுபதிப்பின் பக்க எண்ணைத் தந்தால், தேடிப் போகிறவர் அந்த வரியைக் கண்டுபிடிக்கவே மாட்டார்.

படி 4: ஜோட்டெரோவில் (Zotero, நூல் விவரங்களைச் சேமித்துத் துணைநூற்பட்டியல் தயாரித்துத் தரும் மென்பொருள்) ஏற்றுங்கள். இலவசம், தமிழ் யூனிகோடும் சிக்கலில்லை. துணைநூற்பட்டியலை வேர்டில் கையால் தட்டுவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். இதழ் மாறினால் வடிவம் முழுவதையும் மாற்ற வேண்டிவரும். ஆசிரியர் பெயருக்கு அது இரண்டு கட்டம் தரும். ‘குன்றக்குடி அடிகளார்’ போன்ற பெயர்களுக்குப் பக்கத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக்குங்கள். இல்லையென்றால் ‘அடிகளார், குன்றக்குடி’ என்று திருப்பிப் போட்டுவிடும். தேதிக் கட்டத்தில் 1894 மட்டும் இருக்கட்டும். ‘ஜய வருஷம்’ கூடுதல் குறிப்புக் கட்டத்துக்குப் போகட்டும், பின்னால் சரிபார்க்க உதவும்.

பிற்சேர்க்கை: நாகர்கோவில் வாசகர் ஒருவர் தன்னிடமுள்ள நூலில் 1070 என்றிருப்பதாகக் கேட்டிருந்தார். அது கொல்லம் ஆண்டு, கேரளத்து ஆண்டுக் கணக்கு. 824ஐக் கூட்டுங்கள்: 1894. ஆனால் இது ஆவணியில் பிறக்கிற ஆண்டு. தை முதல் ஆடி வரையுள்ள மாதம் குறித்திருந்தால் 825ஐக் கூட்ட வேண்டும்.