பழைய ஜீப்புக்குப் புதுக் கார்பெட்: அவசரத்தில் நடக்கும் தவறுகள்

பழைய மகிந்திரா ஜீப்புக்கோ பொலேரோவுக்கோ கார்பெட் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். கறுப்பா, சாம்பலா என்று பேசி முடிப்பதற்குள் பட்டறையில் பழையதைக் கிழித்து வெளியே எறிந்துவிடுகிறார்கள். எவ்வளவு மக்கியிருந்தாலும் புதியதை வெட்டுவதற்கான அளவு அந்தப் பழைய கார்பெட்தான். கியர் லிவர், அதன் பக்கத்தில் நான்கு சக்கர இயக்கத்துக்கான சிறிய லிவர், சீட் போல்ட்டுகள் எல்லாவற்றுக்கும் அதில் துளை இருக்கும். கிழியாமல் எடுத்து உலர்த்துங்கள். வரையும்போது பழையது, புதியது இரண்டையும் கவிழ்த்துப் போட வேண்டும். ஒன்றை மட்டும் கவிழ்த்தால் இடப்பக்கத் துளை வலப்பக்கம் போய்விடும். துணி வீணான பிறகு கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

கார்பெட்டை எடுத்ததும் தெரிகிற தரைத்தகட்டில்தான் உண்மையான வேலை இருக்கிறது. நம் தென்மாவட்டத்து வண்டிகளுக்கு ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. உவரி, கூடங்குளம் என்று கடலோரம் ஓடும் வண்டிக்கு உப்புக்காற்று வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. அந்த வெள்ளத்தில் முங்கிய வண்டி கைமாறி உங்களிடம் வந்திருந்தால், சீட் நகரும் தண்டவாளத்தின் இடுக்கிலும் கதவடித் தகட்டின் மூலையிலும் மெல்லிய வண்டல் படிந்திருக்கும். விரலால் வழித்துப் பார்த்தாலே தெரியும்.

துருவின் மேலேயே கார்பெட்டை ஒட்டுவதுதான் மிகப் பெரிய தவறு. ஸ்க்ரூடிரைவர் முனையால் தகட்டைக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்; பட்டி என்னும் அடைப்புப் பசையைப் பூசி மூடுவது அடுத்த மழைவரைக்கும்தான். மேல்துரு மட்டும் என்றால் கம்பி பிரஷால் தேய்த்து, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு பெயிண்ட் அடித்தால் போதும். தரையில் இருக்கும் ரப்பர் அடைப்பான்களையும் கழற்றிப் பாருங்கள். நைந்த அடைப்பான் வழியாகச் சாலைத் தண்ணீர் மேலே ஏறும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் புதியதை விரித்தால் அதுவும் அதே கதிதான். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் முன்கண்ணாடியின் ரப்பர் ஓரத்திலும் கதவு பீடிங்கிலும் (கதவோர ரப்பர் பட்டை) குழாயால் நிதானமாகத் தண்ணீர் விடட்டும். பழைய ஜீப்பில் பெரும்பாலும் கண்ணாடியின் கீழ்மூலையில்தான் கசியும்.

அடியில் போடும் திண்டுக்குச் சணலோ பஞ்சோ வேண்டாம்; ஒருமுறை நனைந்தால் வாரக்கணக்கில் ஈரம் போகாது. தண்ணீர் உறிஞ்சாத ஃபோம் ஷீட் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் நம் ஊருக்கு அதுதான் சரி. மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலை மலைக்குச் சரக்கேற்றி இறக்கும் வண்டி என்றால், என்னைக் கேட்டால், கார்பெட்டே வேண்டாம். கழுவி விடக்கூடிய ரப்பர் மேட் போதும்.

வெட்டும்போது நடுமேட்டிலிருந்து (இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் தரைத்தகடு எழும்பி நிற்கும் இடம்) ஆரம்பித்து ஓரத்துக்கு வாருங்கள். ஓரத்தை முதலில் வெட்டியவர்களுக்கு நடுவில் துணி போதாது. புதுக் கார்பெட்டைச் சிறிது நேரம் வெயிலில் போட்டால் மடிப்பு இளகி மேட்டின் வளைவுக்குப் படியும். லிவர் வரும் இடத்தில் பெருக்கல் குறிபோலச் சிறிதாகக் கீறினால் போதும். பெரிதாகிவிட்ட துளையைச் சிறிதாக்க முடியாது. பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதத்துக்கு வந்த பிறகுதான் அழுத்த வேண்டும். கதவுகள் எல்லாம் திறந்திருக்கட்டும். பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. தரை முழுவதும் பசை வேண்டாம், மேட்டிலும் பக்கங்களிலும் போதும். நாளைக்கு ஈரம் புகுந்தால் தூக்கி உலர்த்த வழி இருக்க வேண்டும். ஆணியோ திருகோ அடிப்பதானால், வண்டிக்கு அடியில் படுத்து டீசல் குழாயும் பிரேக் குழாயும் போகும் இடத்தைப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

சீட் பெல்ட் போல்ட்டுக்கு அடியில் கார்பெட் சிக்கக் கூடாது. போல்ட் தகட்டோடு நேரடியாக இறுக வேண்டும். கடைசியாக, இஞ்சினை அணைத்துவிட்டு ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து விடுங்கள். தடையில்லாமல் மேலே வர வேண்டும். கிளட்ச்சும் பிரேக்கும் அப்படியே. எங்காவது உரசினால் அந்த இடத்தில் திண்டை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி மிதித்துப் பாருங்கள். அதற்கு முன் வண்டியைச் சாலையில் இறக்க வேண்டாம்.