மலைப்பாதையில் சைக்கிள்: ஒரு நாளைக்கு எத்தனை மீட்டர்?

முதல் மலைப் பயணத்துக்குச் சமவெளிக் கணக்கையே போட்டுவைத்திருந்தேன். நாளுக்கு 90 கிலோமீட்டர், ஐந்து நாள், ஆக 450. காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு நாற்பத்தோராவது கிலோமீட்டரில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, என் தொடை தானாக நடுங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கால்மேல் கோபம் வந்தது. பாவம், கால் என்ன செய்யும்? தப்பு கணக்கில்.

மலையில் அன்றைய வேலை எவ்வளவு என்பதைத் தூரம் சொல்லாது. ஏறும் உயரம்தான் சொல்லும். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் 65 கிலோ, சைக்கிள் 14, மூட்டை 11, மொத்தம் 90. இந்த 90 கிலோவை 500 மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 441 கிலோஜூல் வேலை. பயிற்சி உள்ள ஒரு சாதாரண ஆள் பேசிக்கொண்டே மணிக்கணக்கில் மிதித்தால் 120 வாட் சக்தி தரலாம். அப்படிப் பார்த்தால் 500 மீட்டர் ஏற ஒரு மணி நேரம், சாலை உராய்வுக்கு இன்னும் சில நிமிடம். இப்போது நான் திட்டம் போடும்போது வரைபடத்தில் முதலில் உயரத்தைத்தான் கூட்டுகிறேன். மூட்டையோடு ஒரு நாளைக்கு 1,000 மீட்டர் போதும். புதியவர் என்றால் 700-இல் நிறுத்துங்கள். புறப்படும் ஊரும் சேரும் ஊரும் ஒரே உயரத்தில் இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். நடுவில் நான்கு பள்ளத்தாக்குகள் இருந்தால் நான்கு முறை இறங்கி நான்கு முறை ஏற வேண்டும். அத்தனை ஏற்றத்தையும் கூட்ட வேண்டும்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. மூட்டையில் ஒரு கிலோ கூடினால் 500 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஆவது வெறும் 40 விநாடி. கிலோ குறைக்கிறேன் என்று சைக்கிளில் பணத்தைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஐந்து கிலோ வேண்டாத சாமான் இருந்தால் தாராளமாக இறக்கிவையுங்கள். ஆனால் எடைக்குப் பயந்து கம்பளிச் சட்டையை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். அந்த 40 விநாடியை மலை உச்சியில் வட்டியோடு கட்ட நேரிடும்.

பணம் செலவழிப்பதானால் கியருக்குச் செலவழியுங்கள். எட்டு சதவீதச் சரிவில் (100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயர்வது) 120 வாட்டுக்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு ஆறு கிலோமீட்டர்கூட இல்லை. அந்த வேகத்தில், முன்னால் 34 பல், பின்னால் 28 பல் இருக்கும் சைக்கிளில் மிதி நிமிடத்துக்கு 37 தடவைதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் முழங்காலைப் பிடுங்கும். முன்னால் 26, பின்னால் 36 என்றால் அதே வேகத்தில் 62 சுற்று. கால் சுழல்கிறது, மூச்சு ஒரு கதியில் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கடைசிக் கியர் வரை குறைப்பதை மானப் பிரச்சினை ஆக்குகிறவர்கள் உண்டு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே கியர் மாற்றும் டெரெய்லருக்கு 1937 வரை தடை இருந்தது. அந்தப் பழைய வீறாப்பு இன்னும் சிலரை விடவில்லை. மிதிக்க முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுங்கள். நடை வேகமும் ஏறக்குறைய அதேதான்.

புறப்படுமுன் ஒரு சோதனை. சமவெளியில் கடைசிக் கியரை யாரும் தொடுவதில்லை. அது சரியாக உட்காருகிறதா என்பது முதல் செங்குத்தில்தான் தெரியவரும். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, செயினைப் பின்பக்கத்துப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றி, மிதியைக் கையால் சுற்றிப் பாருங்கள். செயின் பல்சக்கரத்தைத் தாண்டிக் கம்பிகளுக்குள் விழப் பார்த்தால், டெரெய்லரின் எல்லைத் திருகைச் சற்று இறுக்க வேண்டும். கால் நிமிட வேலை. செய்யாமல் விட்டால் செங்குத்து ஏற்றத்தின் நடுவில் கம்பிகள் அறுந்து நிற்கும்.

எல்லோரும் ஏற்றத்துக்குப் பயப்படுகிறார்கள். நான் மாட்டிக்கொண்டது இறக்கத்தில். ஏறியபோது சேர்த்துவைத்த அந்த 441 கிலோஜூலும் இறங்கும்போது எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். காற்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மற்றதெல்லாம் பிரேக்கில் சூடாகிவிடும். பதினோரு கிலோமீட்டர் இறக்கம் ஒன்றில் பயத்தால் நான் இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடியே வந்தேன். பாதி வழியில் ரப்பர் கருகும் வாடை. வேறு ஏதோ வண்டி என்று நினைத்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவு முடிந்ததும் பின்னால் வெடிச் சத்தம், டியூப் கிழிந்துவிட்டது. பின்சக்கரமாகப் போனதால் தப்பித்தேன். இறங்கி நின்று, என்னதான் ஆயிற்று என்று ரிம்மில் விரலை வைத்தேன். சுரீர் என்றது. நகத்துக்குக் கீழே வந்த கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆனது.

பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். நேரான இடத்தில் விட்டுவிடுங்கள், காற்றே பாதி வேலையைச் செய்யும். வளைவுக்கு முன்னால், சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே, உடலைச் சற்றுப் பின்னால் தள்ளி இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் கொல்லுங்கள். வளைவுக்குள் போனதும் கையைத் தளர்த்தி, வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். கண் போகும் பக்கம்தான் சைக்கிளும் போகும். வேகம் இரட்டித்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு, ஆகவே சாலை தெரியாத இடத்தில் துணிச்சல் வேண்டாம். நீண்ட இறக்கத்தில் நடுவே நிறுத்தி ரிம்மை ஆறவிடுங்கள். டிஸ்க் பிரேக் டியூபைச் சுடாது, ஆனால் அதுவும் சூட்டில் பிடி இழக்கும். அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். மழையில் ரிம் பிரேக் முதல் சில சுற்றுக்கு வெறுமனே நீரைத்தான் வழிக்கும். அதற்கும் இடம் விட்டு முன்கூட்டியே பிடியுங்கள்.

உச்சியில் வியர்வையோடு நின்றுவிட்டு அப்படியே இறங்குவது பலர் செய்யும் தவறு. 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஆறரை டிகிரி குளிர்கிறது, அதோடு இறங்கும் வேகத்தின் காற்று வேறு. விரல் விறைத்தால் பிரேக்கைப் பிடிக்கக் கை வராது. ஈரச் சட்டையை மாற்றிவிட்டு, நெஞ்சில் ஒரு பழைய செய்தித்தாளை மடித்துச் செருகிக்கொள்ளுங்கள். சைக்கிள் பந்தயக்காரர்களின் பழைய வித்தை இது, இன்றும் பலிக்கிறது.

மற்றவை சுருக்கமாக. விடியற்காலையில் கிளம்புங்கள், மலை மேல் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் திரளும். 500 மீட்டர் ஏறினால் உடல் எரிப்பது சுமார் 440 கலோரி. பசிக்கும்வரை காத்திருக்காமல் முக்கால் மணிக்கு ஒருமுறை ஏதாவது தின்னுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போகும் பயணமானால், தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் அதற்கு மேல் ஏற வேண்டாம். ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் கீழே இறங்குங்கள்.

இரவில் படுக்குமுன் பிரேக் கட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். கறுத்த ரப்பரில் அலுமினியத் துகள்கள் மினுங்கிக்கொண்டிருக்கும். குத்தூசியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ரப்பரில் வெட்டியிருக்கும் காடி இன்னும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் கட்டையை அன்றிரவே மாற்றிவிடுங்கள். நான் எப்போதும் இரண்டு ஜோடி எடுத்துப்போகிறேன். எடை கையளவுகூட இல்லை.