கோலத்தைத் திரையில் வரைய ஷேடரா, மென்பொருள் வரைவா?

தீபாவளி நெருங்கும் நாள்களில் கோலாலம்பூர்ப் பேரங்காடிகளின் முகப்பில் வண்ண அரிசிக் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தரையில் எல்லைக்கோடுகளை வரைந்துவிட்டால், ஆளுக்கொரு கட்டத்தின் முன் அமர்ந்து, பக்கத்தில் இருப்பவர் முடிக்கும்வரை காத்திராமல் அரிசியை நிரப்பிவிடலாம். வீட்டு வாசலில் போடும் சிக்குக் கோலம் அப்படியன்று. கையெடுக்காமல் புள்ளிகளைச் சுற்றிவரும் ஒற்றைக் கம்பியில் இரண்டாமவருக்கு இடமில்லை. கணினியின் வரைகலைச் செயலியான ஜிபியுவில், ஒவ்வொரு பிக்சலுக்கும் (திரைப்புள்ளிக்கும்) தனித்தனியே ஓடி நிறம் தரும் சிறு நிரலான ஷேடர் முதல் வகை. கணினியின் மையச் செயலியான சிபியுவிலேயே படத்தைக் கணக்கிட்டு நிரப்பும் மென்பொருள் வரைவு இரண்டாம் வகைக்கும் ஈடுகொடுக்கும்.

முதலில் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். 1920×1080 திரையில் 2,073,600 பிக்சல்கள் உள்ளன. நொடிக்கு 60 முறை அவற்றைப் புதுப்பித்தால் ஏறத்தாழ 124 மில்லியன் பிக்சல்களுக்கு நிறம் கண்டாக வேண்டும். 3 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள சிபியுவின் ஒரே கருவில் (கோர்) இதைச் செய்தால், ஒரு பிக்சலுக்குக் கிடைப்பது சுமார் 24 கடிகாரச் சுற்றுகளே. அதற்குள் ஒரு சைன் மதிப்பைக் கணிப்பதே கடினம். ஆனால் உங்கள் படம் 256×256 அளவில், விசையை அழுத்தும்போது மட்டும் மாறுவதாக இருந்தால் சிபியு தாராளமாகப் போதும். ஷேடரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்து, ஒவ்வொரு பிக்சலும் தன் நிறத்தைத் தானே கண்டுபிடிக்க முடியுமா என்று பாருங்கள். முடிவெடுக்கும் இடம் இதுதான் என்பது என் கருத்து. ஒரு வட்டத்துக்குள் இருக்கிறோமா என்பதை, மையத்திலிருந்து தன் தொலைவைக் கணக்கிட்டு எந்தப் பிக்சலும் தனித்தே அறியும். ஆகவே அது ஷேடருக்கு ஏற்ற வேலை. மாறாக, ஓரிடத்தில் ஊற்றிய நிறம் கோடு தடுக்கும்வரை பரவுவதை வரைய, பக்கத்துப் பிக்சலின் விடை முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஓட்டத்தில் ஒரு பிக்சல் மற்றொன்றின் விடைக்காகக் காத்திருக்க ஷேடர் இடம் தராது என்பதால், அதைச் சிபியுவில் எழுதுவதே எளிது. இரண்டையும் சேர்க்கவும் செய்யலாம்: சிக்குக் கோலத்தின் கம்பி செல்லும் பாதையைச் சிபியு ஒருமுறை கணித்துத் தர, அதற்கு நிறமும் ஒளிர்வும் அசைவும் கொடுப்பதை ஜிபியு ஏற்கும். திரும்பும் வழியில்தான் கவனம் தேவை. வரைந்த படத்தை ஒவ்வொரு முறையும் ஜிபியுவிலிருந்து சிபியுவுக்கு மீட்டால், அந்தக் காத்திருப்பிலேயே வேகம் கரைந்துவிடும்.

ஷேடர் எழுதியும் படம் திணறுகிறதென்றால் நிரலைத் திருத்துவதற்கு முன், வரைவதாகக் கணினி காட்டும் சாதனத்தின் பெயரைப் பாருங்கள். எல்எல்விஎம்பைப், ஸ்விஃப்ட்ஷேடர் ஆகிய பெயர்களில் ஒன்று தெரிந்தால், உங்கள் ஷேடரைச் சிபியுதான் ஓட்டிக்கொண்டிருக்கிறது. மெய்நிகர்க் கணினிகளிலும், வரைகலை இயக்கி நிறுவப்படாத பழைய மடிக்கணினிகளிலும் இது சாதாரணமாக நடக்கும்.

புதியவர்கள் முதற்கோலத்தைச் சிபியுவிலேயே, வரிசைகளுக்கு ஒன்று, அவற்றிலுள்ள பிக்சல்களுக்கு ஒன்று என இரண்டு மடக்குகளுக்குள் (லூப்) எழுதுவது நல்லது. அங்கே மாறியின் மதிப்பை அச்சிட்டுப் பிழையைத் தேடலாம். ஷேடருக்குள் பெரும்பாலும் மதிப்பை நிறமாக மாற்றித் திரையில் காட்டித்தான் ஊகிக்க வேண்டியிருக்கும். பின்னர் உள்மடக்கின் உடலை மட்டும் ஷேடருக்கு மாற்றி, இரு படங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். கோலம் தலைகீழாகத் தெரிந்தால் திகைக்க வேண்டாம்: பட நினைவகத்தை நாம் வழக்கமாக மேலிருந்து எண்ணுகிறோம், ஷேடரை ஜிபியுவில் ஓட்ட உதவும் வரைகலை இடைமுகமான ஓப்பன்ஜிஎல் கீழிருந்து எண்ணுகிறது.